சீமைப்பெயரும் சொந்த வம்சமும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில், கலியாண வீடாயினும் அடியந்திர வீடாயினும், நான் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சொன்று உண்டு: 'மட்டீர்' என்றோ 'மீட்' என்றோ சீமைப்பெயர் தாங்கிய குடும்பங்களின் உடம்பில் வெள்ளைக்காரர் ரத்தம் ஓடுகிறது என்பதே அது. பிள்ளை கொஞ்சம் சிவப்பாகப் பிறந்துவிட்டால் அதையே சாட்சியாக நிறுத்திவிடுகிறார்கள். அண்மையில் படித்த இளைஞர் ஒருவர், தம் குலச்சின்னம் என்று சொல்லி ஸ்காட்லாந்துக் கேடயப் படமொன்றைச் சட்டமிட்டுப் பூமுகத்தில் மாட்டியிருக்கக் கண்டேன். அதன் பின்னும் வாய் மூடியிருத்தல் முறையன்று.

இப்படிப் பெருமை பேசுகிறவர்கள், தங்கள் பாட்டிமாரின் மீதே ஆதாரமற்ற அபவாதத்தைச் சுமத்துகிறார்கள் என்பதை ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அப்பெயர்கள் வந்த வழியே வேறு. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்ததில் தொடங்கி, 1818-ல் மிஷனரி மீட் நாகர்கோவிலில் பணியேற்றபின் பெருகிய லண்டன் மிஷன், ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பித்த பள்ளிகளுக்கு வேண்டிய பொருளிற் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. ஒரு பிள்ளையின் சோறும் துணியும் படிப்பும் தம் பொறுப்பென ஏற்ற சீமைச் சபையாரோ உபகாரியோ, தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுமாறு கேட்பதும், இங்கிருந்த மிஷனரிமார் அவ்வாறே இடுவதும் அக்காலத்துச் சம்பிரதாயம். உபதேசியார் பலருக்கும் இவ்வண்ணமே பெயர் வாய்த்தது. பெயர் தந்தவர் அப்பிள்ளையின் முகத்தையும் பார்த்தவரல்லர். வேறு சிலர் மிஷனரியின் மீதுள்ள அன்பினால் அவர் பெயரைத் தாமே தம் மக்களுக்கு இட்டுக்கொண்டனர்.

அது குடும்பப்பெயரானதோ பிற்காலத்துக் கதை. நமக்கு வீட்டுப்பேர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு. சர்நேம் என்பது ஏது? பாட்டனுக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர், மகனுக்கு முதலெழுத்தாக நின்று, பேரன் வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புகையில், காலியாகக் கிடந்த கட்டத்தில் ஏறிக்கொண்டது. மூன்று தலைமுறை வயதுள்ள பெயரை வைத்து முந்நூறு ஆண்டு வம்சம் கட்டுகிறார்கள்!

இனி மட்டீர் என்னும் பெயரின் பிறப்பையும் பார்ப்போம். பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் ஊழியம் செய்து, திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1871-லும் 1883-லும் இரு நூல்களை வெளியிட்ட சாமுவேல் மட்டீரின் பெயர், அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் வழங்கும் கேலிக் மொழிப் பெயர். 'மக்' என்றால் மகன்; 'ஸீர்' என்றால் தச்சன்; இடையே சுட்டுச்சொல் வரும்போது ஸகரம் மறைந்து டகரம் ஒலிப்பது அம்மொழியின் புணர்ச்சி. 'தச்சன் மகன்' என்னும் அத்தொடரை ஆங்கில எழுத்தர்கள் தம் செவிக்கு எட்டியவாறு மக்கட்டீர் என்றும் மட்டீர் என்றும் எழுதினர். ஸ்காட்லாந்தில் அதுவே மக்கின்டயர் ஆயிற்று. சிலர் மொழிபெயர்த்துக் கார்ப்பென்டர் ஆனார்கள். அச்சொல்லுக்குச் சுதந்திரன் என்ற பொருளும் உண்டாதலால் வேறு சிலர் ஃப்ரீமன் ஆனார்கள். நம்மூர் ஆசாரி வீட்டுத் திண்ணையில் உட்காரத் தயங்குகிறவர்கள் துரைப்பட்டமாகச் சுமந்து திரிவது தச்சன் மகன் என்னும் பெயரையே. நாசரேத்தூர்த் தச்சனின் மகனை வணங்கும் சபையாருக்கு இப்பொருளில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் பொருள் தெரிந்து சுமக்க வேண்டும். அன்றியும், அந்தக் கேலிக் நாடுகளிலேயே தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்கள் அவன் பெயரை ஏற்றுக்கொண்டது சர்வ சாதாரணம். பெயர் ஒன்றாயிருந்தால் ரத்தம் ஒன்று என்பது அங்கேயே செல்லாத வாதம்.

கேடயச் சின்னமா? ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது தனியொருவருக்கு வழங்கப்படுவது; பெயருக்குச் சொந்தமன்று. மட்டீரையர் என்று வழங்கியதால் அவர் பிராமணர் என்பாரும் உளர். மிஷனரிகள் எல்லாரையும் அக்காலத்தார் ஐயர் என்றே அழைத்தனர். 'மக்' நம் 'மகன்' என்பதன் சிதைவு என்று தமிழ்ப்பற்றினால் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓகம் எழுத்திலுள்ள பழைய அயர்லாந்துக் கற்களில் அச்சொல் 'மக்வி' என்று நிற்கிறது, அதற்கு உறவான வேல்ஸ் மொழிச் சொல் 'மாப்'. குவ்வொலியிலிருந்து ககரமும் பகரமுமாகப் பிரிந்த அச்சொல்லுக்கும், 'மக' என்னும் நம் அடிச்சொல்லுக்கும் உள்ளது ஒலியின் தற்செயல் ஒற்றுமையே.

வம்சம் தேடுகிறவர்கள் தேட வேண்டிய இடம் பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. இங்குள்ள பிள்ளைகள் மலையாளமே படிக்கலாயினர். பதிவேட்டின் தமிழ்ப் பக்கங்களை வாசிப்பவர் அருகிவிட்டனர். கேடயத்துக்குச் செலவிடும் பணத்தில் அப்பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். தமிழெழுத்து அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகிலிருத்தி வாசிக்கச் செய்யுங்கள். கறையான் முந்திக்கொள்ளாத பக்கங்களில், பாட்டனின் பெயருக்கு நேரே அவருடைய தகப்பன் பெயரும் எழுதியிருக்கும்.