சொந்த விமானமா, வாடகை விமானமா? ஒரு செஸ்னா 150 சொல்லித்தரும் பணக் கணக்கு



"மாசம் இஎம்ஐ கட்ட முடியும், அப்போ வாங்கிடலாம்ல?" கார், பைக், கேமரா என்று எதைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வி வரும். இதற்கான பதிலை இன்று ஒரு குட்டி விமானத்தை வைத்துப் பார்க்கலாம்.

ஏன் விமானம்? நம்மில் யாரும் நாளைக்கே விமானம் வாங்கப் போவதில்லை. ஆனால் விமானத்தில் ஒவ்வொரு மணி நேரமும் மீட்டரில் பதிவாகும், ஒவ்வொரு ரிப்பேரும் லாக்புக்கில் ஏறும். அதனால் ஒரு பொருளை வைத்திருப்பதற்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதை அங்கே மறைக்கவே முடியாது.

வாங்குற விலை வெறும் நுழைவுச் சீட்டு

அமெரிக்காவில் மாதச் சம்பளக்காரர்கள் பலர் சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருக்கிறார்கள். அதில் ரொம்பப் பிரபலமானது செஸ்னா 150. இரண்டு சீட், 100 குதிரைத்திறன் என்ஜின். 1958 முதல் 1977 வரை ஏறத்தாழ 24,000 விமானங்கள் தயாராயின. இன்று கிடைப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட்தான். ஒரு புதுக் கார் விலைக்கே வாங்கிவிடலாம்.

கணக்குக்காக விலை 40,000 டாலர் என்று வெச்சுக்கலாம். கீழே வரும் தொகைகளும் புரிவதற்கான உதாரணங்கள்தான். ஊருக்கு ஊர் மாறும்.

பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருஷா வருஷம் ஆகும் செலவு:

- நிறுத்துமிட வாடகை: 1,800 டாலர்
- இன்சூரன்ஸ்: 1,200 டாலர்
- வருடாந்திரச் சோதனையும் அதில் வெளிப்படும் ரிப்பேரும்: 3,000 டாலர்
- 40,000 டாலரை 5% வட்டியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம்: 2,000 டாலர்

மொத்தம் 8,000 டாலர். கடைசி வரியை நிறைய பேர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பணம் விமானத்தில் முடங்கியிருக்கிறது என்றால், அது வேறு இடத்தில் சம்பாதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

மூன்றாவது வரியில் கைவைக்க முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ விதிப்படி, 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்ற மெக்கானிக் முழுச் சோதனை செய்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பறக்கக் கூடாது.

பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆகும் செலவு:

- பெட்ரோல், 6 கேலன்: 36 டாலர்
- என்ஜின் ஆயில்: 4 டாலர்
- என்ஜின் உண்டியல்: 20 டாலர்

மொத்தம் 60 டாலர். அதென்ன என்ஜின் உண்டியல்? சொல்றேன்.

இன்றே சேர்க்க வேண்டிய நாளைய செலவு

செஸ்னா 150-இல் இருக்கும் கான்டினென்டல் ஓ-200 என்ஜினை 1,800 மணி நேரம் ஓடியதும் முழுசாகப் பிரித்து ஓவர்ஹால் செய்யும்படி தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். சொந்த உபயோகத்துக்கு இது கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்தச் செலவு என்றைக்காவது வந்தே தீரும். அதற்கு 36,000 டாலர் ஆகும் என்றால், 1,800 ஆல் வகுத்தால் மணிக்கு 20 டாலர்.

இதை ஒதுக்காதவர் எங்கே மாட்டுகிறார் பாருங்க. ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. முதலாவது 40,000 டாலர், ஓவர்ஹாலுக்குப் பின் 300 மணி நேரம் ஓடியது. இரண்டாவது 28,000 டாலர்தான், ஆனால் 1,700 மணி நேரம் ஓடியது. "12,000 மிச்சம்!" என்று இரண்டாவதை வாங்கினால், மீதி 100 மணி நேரத்தில் உண்டியலில் சேர்வது 2,000 டாலர்தான். பாக்கி 34,000 கைக்காசு. முதல் விமானத்தில் மிச்சமுள்ள 1,500 மணி நேரத்தில் 30,000 சேர்ந்திருக்கும், கைக்காசு 6,000 போதும். ஆக, மலிவாகத் தெரிந்தது உண்மையில் 16,000 டாலர் அதிகம்!

இப்போ முக்கியமான வகுத்தல்

அதே விமானத்தைப் பயிற்சிப் பள்ளியில் பெட்ரோலோடு சேர்த்து மணிக்கு 140 டாலருக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாக வைத்திருந்தால்:

- வருஷம் 30 மணி நேரம் பறந்தால்: மணிக்கு சுமார் 327 டாலர்
- 100 மணி நேரம் பறந்தால்: மணிக்கு 140 டாலர்
- 200 மணி நேரம் பறந்தால்: மணிக்கு 100 டாலர்

விமானம் அதேதான், விலையும் அதேதான். மாறியது உபயோகம் மட்டும். 100 மணி நேரத்துக்குக் கீழே பறப்பவருக்கு வாடகைதான் லாபம்.

"சரி, கம்மியா பறந்தா பெட்ரோலாவது மிச்சம்தானே?" என்று கேட்கலாம். வாரக்கணக்கில் நிற்கும் என்ஜினுக்குள் ஆயில் வடிந்து, ஈரம் தங்கி, துருப்பிடிக்கும். தரையில் பத்து நிமிஷம் ஓட்டி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, ஈரம் ஆவியாகும் அளவுக்கு ஆயில் சூடாகாது. ஓட்டுபவரும் அப்படித்தான். கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால்தான் பயணியை ஏற்றிக்கொள்ள எஃப்ஏஏ அனுமதிக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கையில் காசு இறுகும்போது மனசு முதலில் தள்ளிப்போடப் பார்ப்பது பராமரிப்பைத்தான். கார் என்றால் ரோட்டோரம் நிறுத்திவிடலாம், நடுவானில் ஓரங்கட்ட இடமில்லை. இழுத்துப்பிடித்து வாங்குபவர் பணத்தோடு உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

ஆசையை விடாமல் செலவைக் குறைக்க வழி

ஒன்று, கூட்டாக வாங்குவது. நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு முதலீடு 10,000, வருஷச் செலவு 2,000. ஒவ்வொருவரும் 30 மணி நேரம் பறந்தாலே மணிக்கு சுமார் 127 டாலர்தான், வாடகையைவிடக் குறைவு. விமானமும் சும்மா நிற்காது. இன்சூரன்ஸ் கொஞ்சம் கூடலாம். யாருக்கு எந்த வார இறுதி, விலகினால் பங்கை யார் வாங்குவது, சேதமானால் யார் கொடுப்பது என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

இரண்டு, கைவேலை. ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை லைசென்ஸ் உள்ள உரிமையாளரே செய்து லாக்புக்கில் பதியலாம். அந்த லாக்புக்கைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதிவு தொலைந்த விமானத்துக்கு மறுவிற்பனை விலை அடிவாங்கும்.

உங்களுக்கான வீட்டுப்பாடம்

அடுத்து எதையாவது பெரிதாக வாங்கும் முன் ஒரு பேப்பரில் இந்த நாலையும் எழுதுங்க:

1. தொடாவிட்டாலும் வருஷத்துக்கு இதற்கு எவ்வளவு ஆகும்? முடங்கும் பணத்தின் வட்டியையும் சேர்க்கணும்.
2. ஒவ்வொரு முறை உபயோகிக்கும்போதும் எவ்வளவு ஆகும்?
3. பின்னால் வரப்போகும் பெரிய செலவு எது? அதற்கு மாசம் எவ்வளவு ஒதுக்கணும்?
4. வருஷத்தில் எத்தனை நாள் நிஜமாக உபயோகிப்பேன்? ஆசைப்படும் எண்ணிக்கை வேண்டாம், போன வருஷ எண்ணிக்கையை எழுதுங்க.

இதை வாடகைக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பதில் தானாக வரும். இஎம்ஐ கட்ட முடியுமா என்பது இந்த நாலுக்கும் அப்புறம் வர வேண்டிய கேள்வி.

நீங்கள் வாங்க நினைக்கும் பொருளுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, என்ன விடை வந்தது என்று கமெண்ட்டில் சொல்லுங்க.