பொம்பள சிரிச்சா போச்சா? – ஆச்சி மனோரமா வாழ்க்கையில் நமக்குள்ள பாடம்



"பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு" என்று நம்ம ஊர்ப் பக்கம் இன்னும் சொல்லத்தான் செய்றாங்க. ஆனால் ஊரையே சிரிக்க வைத்து, அந்தச் சம்பாத்தியத்தில் தன் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் ஒரு பெண். அவர்தான் ஆச்சி மனோரமா. இந்த மாதக் குழுக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசுவோமா?

வாழ்க்கை

1937-ல் மன்னார்குடியில் பிறந்தார். சொந்தப் பெயர் கோபிசாந்தா. அப்பா இன்னொரு திருமணம் செய்துகொண்டதால், அம்மா கைக்குழந்தையோடு காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்துவிட்டார். அங்கே வீட்டு வேலை செய்துதான் மகளை வளர்த்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவும் மகளின் படிப்பு பாதியில் நின்றது.

சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறினார். காதலித்துக் கல்யாணம் செய்தவர், மகன் பிறந்த கொஞ்ச நாளில் விட்டுப் போய்விட்டார். கையில் பச்சைக் குழந்தை, கூடவே அம்மா. அதற்குப் பிறகும் மேடையை அவர் விடவில்லை.

1958-ல் கவிஞர் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடம் கிடைத்தது. கதாநாயகி ஆனால்தான் மரியாதை என்று அவர் ஒதுங்கவில்லை. கதாநாயகி வாய்ப்பு சில வருசம்தான். நகைச்சுவையோ அவருக்கு ஐம்பது வருசத்துக்கு மேல் சோறு போட்டது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஜில் ஜில் ரமாமணியை யார் மறப்பார்? 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில், பிரிந்து நிற்கும் குடும்பத்துக்குள் துணிந்து பேசும் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்தார். வீட்டு வேலை செய்த தாயின் மகள் அல்லவா!

ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார். 'புதிய பாதை' (1989) படத்துக்குத் தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10-ல் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

1. எந்தத் தொழிலும் மட்டம் இல்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு ஊர் உலகமெல்லாம் பேர் இருக்கிறது. ஆனால் அதை இடுகிற நம்ம அக்காமாரைக் கேட்டால் "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்கிறார்கள். அதுவும் உழைப்புதான், அதற்கும் கூலிக் கணக்கு எழுதி வைக்க வேண்டும்.

2. புருசன் விட்டுப் போனால் பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிடாது. ஜீவனாம்சம் கேட்பது உரிமை, பிச்சை அல்ல. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உதவி உண்டு. இதற்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கும் உறுப்பினரோடு ஊக்குநரோ பிரதிநிதியோ கூடப் போங்கள்.

3. ஆச்சி ஜெயித்தார் என்பதற்காக, படிப்பை விட்டது நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மா நோயில் விழுந்தால் மகள் பள்ளியை விட்டு நிற்கும் நிலை நம்ம குழுக் குடும்பங்களில் வரவே கூடாது. அவசரத்துக்கு உள்கடன் கொடுப்பது இதற்காகத்தானே!

குழுவில் பேசுங்கள்

* நம்ம குழுவில் கணவர் கைவிட்ட சகோதரி இருக்கிறாரா? அவருக்கு என்ன செய்தோம்?
* பள்ளியை விட்டு நின்ற பெண் பிள்ளை யார் வீட்டில் இருக்கிறாள்?
* ஆடவும் பாடவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர் யார்? அடுத்த மகளிர் தின விழாவில் அவரை மேடை ஏற்றுவோமா?

பேசி முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மனசு விட்டுச் சிரிக்கவும் மறக்காதீங்க!