பேட்டரி வாங்குமுன் ஒரு கணக்கு

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சிதம்பரம் பக்கம் எங்க ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. கொட்டகையில் பசு கன்று போட்டதை டார்ச் வெளிச்சத்தில்தான் பார்த்தோம். பாதியில் அதுவும் அணைஞ்சு போச்சு.

அந்தப் பயத்தில் ஒரு சோலார் தகடும் பழைய கார் பேட்டரியும் வாங்கினேன். ஒரே வருஷத்தில் பேட்டரி செத்தது. தப்பு என்னுடையதுதான். கார் பேட்டரி வண்டியைக் கிளப்ப ஒரு நொடி வேகம் கொடுக்கிறதுக்கு. ராத்திரி முழுக்க வடிய விட்டால் தாங்காது.

தேவையான உறுப்புகள் நாலு: தகடு, சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். டிசி பல்பு, டிசி ஃபேன் போட்டால் இன்வெர்ட்டர் செலவு மிச்சம்.

இனி கணக்கு. 9 வாட் பல்பு இரண்டு, 6 மணி நேரம்: 108 வாட்-மணி. 15 வாட் ஃபேன் 8 மணி நேரம்: 120. இரண்டு செல்போனுக்கு 30. ஆக ஒரு ராத்திரிக்கு 258. மழை மூட்டத்துக்கும் சேர்த்து இரண்டு ராத்திரிக்கு 516.

12 வோல்ட் 100 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1200. பாதிக்கு மேல் வடித்தால் ஆயுசு குறையும். ஆக 600தான் நமக்கு. லித்தியம் பாஸ்பேட்டில் 80 சதம் எடுக்கலாம். அதனால் 12.8 வோல்ட் 60 ஏஎச் போதும், 614 கிடைக்கும். விலை கூடுதல்தான். ஆனா எடை குறைவு, ஆயுசு அதிகம், தண்ணி ஊத்த வேண்டாம். எதை வாங்கினாலும் கன்ட்ரோலரை அந்த வகைக்கு மாத்தி வையுங்க. 100 வாட் தகடு நல்ல வெயிலில் நாளைக்கு 350-க்குக் குறையாமல் தரும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே போகும். அதனாலதான் இந்தக் கணக்கு முதலில்.

பஞ்சகவ்யா அடிக்கிற 12 வோல்ட் 8 ஏஎச் ஸ்பிரேயருக்கு 96 வாட்-மணிதான். பகலிலேயே சார்ஜ் போட்டுக்கலாம்.

5 எச்பி மோட்டாரை மட்டும் பேட்டரியில் ஓட்ட நினைக்காதீங்க. ஒரு மணி நேரத்துக்கே 3,700 வாட்-மணிக்கு மேல் கேட்கும். பகலில் சோலார் பம்பில் நேரே இறைச்சுத் தொட்டியில் நிரப்புங்க. தண்ணிக்குத் தொட்டிதான் பேட்டரி.

எங்க தகட்டைக் கூரையில் நிரந்தரமா பூட்டலை. புயல் எச்சரிக்கை வந்தா முதல்ல அதைக் கழட்டி வீட்டுக்குள்ள வைக்கிறோம். காத்து அடங்கின மறுநாள்தானே வெளிச்சம் வேணும்!