கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன்

யாழ்ப்பாணத்தில் கடன் தர ஆளில்லை என்ற குறை கிடையாது. ஸ்ரான்லி வீதியில் ஒருமுறை நடந்தால் போதும். குறை, வாங்குகிறவர் "மாதம் எவ்வளவு கட்டவேணும்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வதில்தான்.

முதலில் கடனின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். அவசரத் தேவைக்கு, வீட்டில் நகை இருந்தால், வங்கியில் அடைவு வைப்பதே என் தெரிவு. பிணைக்கு ஆள் தேட வேண்டாம். சம்பளச் சீட்டு வேண்டாம். ஆனால் அடைவுச் சீட்டில் உள்ள முடிவுத் திகதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மீட்காமலும் புதுப்பிக்காமலும் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். நிரந்தரச் சம்பளக்காரருக்குத் தனிநபர் கடன் இருக்கிறது. லீசிங்கில் வாகனம் உங்கள் முற்றத்தில் நின்றாலும், கடைசித் தவணை வரை அதன் முழு உரிமை கம்பனிக்கே. குழுக்கடனில் பக்கத்து வீட்டுக்காரி கட்டாத கிழமைக்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டி வரும். இத்தகைய நுண்கடன் வடக்கில் பெண்களை எவ்வளவு நெரித்தது என்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

அடுத்து வட்டி. இங்கேதான் பலர் ஏமாறுவது. ஒரு லட்சம் ரூபாயை 12 மாதத்துக்கு 18 சதவீதத்தில் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பிளாட் வட்டி என்றால், கடன் தொகையில் பாதியைக் கட்டி முடித்த பின்னரும் முழு லட்சத்துக்கே வட்டி: 18,000 ரூபாய். மாதத் தவணை 9,833. குறைந்துசெல்லும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால் தவணை 9,168. மொத்த வட்டி ஏறக்குறைய 10,000 தான். சொன்ன வீதம் ஒன்று, வித்தியாசம் 8,000 ரூபாய். ஆகவே "பிளாட்டா, குறைந்துசெல்லும் மீதியா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வட்டி நிலையானதா, மாறுவதா என்பதையும் கேளுங்கள். மாறும் வட்டி பெரும்பாலும் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். என்ற சந்தை வீதத்தோடு கட்டப்பட்டிருக்கும். 2022 தொடக்கத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்த அது, அந்த ஆண்டு முடியுமுன் 25ஐத் தாண்டியது.

பிறகு சில்லறைச் செலவுகள்: ஆவணக் கட்டணம், காப்புறுதி, பிந்தினால் தண்ட வட்டி, முன்கூட்டியே அடைத்தால் அறவிடும் கட்டணம். எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேணும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தவணை அட்டவணை தராத இடத்தில் கடன் எடுக்காதீர்கள்.

பிணை கேட்டு மச்சானோ பெறாமகனோ வந்து நின்றால் இல்லையென்பது கஷ்டம். ஆனாலும் யோசியுங்கள்: அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும், கிறிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் பிணையாளி பெயரும் இருக்கும். நாளைக்கு உங்கள் சொந்தக் கடன் விண்ணப்பத்தில் அது தலைகாட்டும்.

பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். பிரச்சினை வந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லையெனில் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.