திரைக்குப் பின்னால் ஒரு செயலி

கணினித் திரையை உருப்பெருக்கியால் உற்று நோக்கினால், அது சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். அவற்றைப் படப்புள்ளிகள் என்பர். முழு உயர்தெளிவுத் திரை ஒன்றில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 என மொத்தம் 2,073,600 படப்புள்ளிகள் உள்ளன. கணினி விளையாட்டில் ஒரு கார் வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நிழலும் கண்ணாடியில் படும் ஒளியும் கணந்தோறும் மாறும். நொடிக்கு 60 படங்கள் காட்டினால் அசைவு சீராகத் தெரியும். அப்படியானால், ஒரே நொடியில் 124 மில்லியனுக்கும் அதிகமான தடவை புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும்!

கணினியின் மூளை எனப்படும் மையச் செயலியால் இது முடியாதா? முடியும், ஆனால், திணறிப்போகும். அதில் ஆற்றல்மிக்க சில கருக்களே உள்ளன. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய சிக்கலான வேலைகளுக்கு அவை ஏற்றவை. ஒரு புள்ளியின் நிறத்தைக் கண்டறிவதோ எளிய கணக்கு. ஒரு புள்ளியின் விடைக்காக மற்றொன்று காத்திருக்கவும் பெரும்பாலும் தேவையில்லை. ஆயிரம் பேருக்குத் தோசை சுட வேண்டுமா? கைதேர்ந்த சமையற்காரர் நால்வரைவிட, ஆளுக்கொரு கல்லுடன் நிற்கும் இருநூறு பேர் விரைவில் முடித்துவிடுவர். வரைகலைச் செயலியும் அப்படித்தான். அதிலுள்ள நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான, சிறு கருக்கள் ஒரே வகைக் கணக்கை ஒரே நேரத்தில் செய்கின்றன.

1999ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 256 என்னும் செயலியை வெளியிட்டபோது, அதன் நோக்கம் விளையாட்டுப் படங்களை விரைவாகக் காட்டுவதே. 2012இல் நிலைமை மாறியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர் இருவரும், விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் இரண்டு வரைகலை அட்டைகளைக் கொண்டே, ஏறத்தாழ 1.2 மில்லியன் படங்களைக் காட்டி ஒரு கணினி நிரலைப் பயிற்றுவித்தனர். ஐந்தாறு நாள்களில் பயிற்சி முடிந்தது. படங்களை இனங்காணும் போட்டியில் அந்நிரல் மற்றவற்றை வெகுவாகப் பின்தள்ளியது. செயற்கை நுண்ணறிவுக்கும் பேரளவிலான பெருக்கலும் கூட்டலுமே அடிப்படை என்பதால் இது கைகூடியது.

அதற்காக எல்லாருக்கும் விலையுயர்ந்த வரைகலை அட்டை தேவையா? கட்டுரை எழுதவும் காணொளி பார்க்கவும், மையச் செயலியுடன் இணைந்தே வரும் சிறிய வரைகலைச் செயலி போதும். தனி அட்டை மின்சாரத்தை அதிகம் உறிஞ்சும், சூடும் ஏறும். முப்பரிமாண வடிவமைப்பில் ஈடுபடுவோருக்கு அது பயன்படும். புதிய கணினி வாங்கச் செல்லும்போது, அதில் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்.