தேர்தற் கணக்கை ஏற்கும் அலுவலருக்கு

உருத்திரபுரத்து வாசி ஒருவர் கரைச்சிப் பிரதேச சபைக்குப் போட்டியிட்டால் அவருடைய செலவறிக்கை கிளிநொச்சிக் கச்சேரிக்கு வரும். அவரே பாராளுமன்றத் தேர்தலில் நின்றாலோ, கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அடங்கியிருப்பதால், யாழ்ப்பாணத்துத் தெரிவத்தாட்சி அலுவலரையே அது சென்றடைய வேண்டும். ஆதலால், 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்கீழ்க் கணக்கு வாங்க அமர்பவர், எவ்வறிக்கை தமக்குரியது என்பதை முதற்கண் நிச்சயித்துக்கொள்க.

அடுத்தது தவணை. பெறுபேறு வெளியான தினத்திலிருந்து 21 நாட்கள்; 2024 நவம்பர் 14ஆந் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கு டிசம்பர் 6ஆந் திகதியோடு தவணை முடிந்தது. “நான் தோத்துப்போனன் ஐயா, எனக்கென்ன கணக்கு?” என்று கேட்பவருக்கு, வென்றவர் தோற்றவர் என்ற பேதம் சட்டத்தில் இல்லை என்பதைப் பொறுமையுடன் விளக்குக. அறிக்கை கைக்கு வந்தவுடன், வேட்பாளர் கண்முன்னேயே திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் வரிசை இலக்கமிட்டு, பற்றுச்சீட்டும் கொடுத்தனுப்புக. பின்னர் எழும் வழக்குகளில் அந்த முத்திரையே சாட்சி.

இனி, நிதானமாக வாசிக்கவேண்டிய பகுதி நன்கொடைப் பட்டியல். ஒலிபெருக்கி வாடகை, துண்டுப்பிரசுரம், வாகன எரிபொருள் என்பன பெரும்பாலும் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கும். தந்தவர் பெயரிருக்கவேண்டிய இடத்திலோ “நலன்விரும்பி” என்ற ஒற்றைச் சொல் ஒளிந்து நிற்கும். அடையாளம் வெளிப்படுத்தாதவர், அரசாங்கத் திணைக்களம், வெளிநாட்டு அரசாங்கம், வெளிநாட்டில் கூட்டிணைக்கப்பட்ட நிறுவனம் ஆகியோரிடமிருந்து பணம் பெறல் விலக்கப்பட்டுள்ளது. இலண்டனிலும் கனடாவிலும் உறவினர் இல்லாத வீடு அரிதாகிவிட்ட வன்னியில், ‘வெளியில இருந்து வந்த காசு’ என்னும் பதிவைக் கண்டால், அனுப்பியவர் யார் என்று எழுத்துமூலம் வினவுதல் அவசியம். ஆனால் எந்தத் தொகையை எப்படி எழுதினால் செலவுக்கான உச்சவரம்புக்குள் அடங்கும் என்று வேட்பாளருக்கு உபதேசிப்பது, அயலவர்மீதுள்ள தாட்சணியத்தால் செய்யப்பட்டாலும், கடமைத் தவறேயாகும். சிற்றூர்களில் இச்சபலமே மிகுதி என்பது என் அபிப்பிராயம்.

அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும் இப்பணியின் அங்கமே. பார்க்க வருபவரிடம் “எந்தக் கட்சி?” என்று விசாரியாதீர்கள். அறிக்கை தராதோர் பெயர்ப்பட்டியலைத் தாமதியாது மேலிடத்துக்கு அனுப்புக. விசாரணை பொலிஸாருடையது, தீர்ப்பு நீதிமன்றத்துடையது.

தெரிவான உறுப்பினரின் சொத்துக்கள் பொறுப்புக்கள் பிரகடனத்தை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அதற்குரிய தவணை ஆண்டுதோறும் ஜூன் 30ஆந் திகதி.