கேபிளைச் செருகியும் கோப்பைக் காணோமே!

நாளைக் காலை அறிவியல் செயல்திட்டத்தை ஒப்படைக்க வேண்டும். பச்சைப்பயறு முளைப்பதை ஒரு வாரமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நாற்பது படங்களும் கைப்பேசியில். இணையத் தரவோ தீர்ந்துவிட்டது. கேபிள் இருக்கிறதே என்று மடிக்கணினியில் செருகுகிறீர்கள். கைப்பேசியில் சார்ஜ் ஏறுகிறது; கணினியில் ஒன்றும் தெரியவில்லை. அல்லது கைப்பேசியின் பெயர் தெரிகிறது, திறந்தால் உள்ளே காலி.

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. சிறு மின்விசிறி, கைவிளக்கு போன்றவற்றுடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் கணினியைத் திரும்பத் திரும்ப முடுக்கிப் பார்த்தவன் நான்!

கேபிள் சரி என்றால் அடுத்தது பூட்டு. ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பு வந்த 2015ஆம் ஆண்டு முதல், கேபிளைச் செருகினால் கைப்பேசி சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும், கோப்புகளைக் காட்டாது. பொது இடத்தில் யாரோ வைத்த கணினியில் சார்ஜ் போடும்போது உங்கள் படங்களை அது எடுத்துவிடக் கூடாது அல்லவா? ஆகவே திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, யூ.எஸ்.பி. அறிவிப்பைத் தொட்டு, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் என்றால், இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். சம்மதித்துக் கடவு எண்ணைத் தந்தால், விண்டோஸ் கணினியில் படங்களும் காணொளிகளும் மட்டும் தெரியும்.

பென் டிரைவைச் செருகினால் இத்தனை கேள்வி வருவதில்லையே, ஏன்?

பென் டிரைவ் தன் சேமிப்பகம் முழுவதையும் கணினியின் கையில் கொடுத்துவிடுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டைக் கணினியே படிக்கும், கணினியே திருத்தும். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் தங்கள் நினைவக அட்டையை இப்படித்தான் கொடுத்தன. அதில் ஒரு தொல்லை. ஒரே பதிவேட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு குழம்பி, கோப்புகள் பாழாகும். அதனால் அட்டை கணினியிடம் இருக்கும்வரை கைப்பேசியால் அதைத் தொட முடியாது. அந்த நேரத்தில் உங்கள் படத்தொகுப்பைத் திறந்தால் வெறுமைதான்.

இப்போதைய கைப்பேசிகள் எம்.டி.பி. என்ற நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. பழைய மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் உள்ளே போய் அலமாரியைத் துழாவ முடியாது. கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். இங்கே கடைக்காரர் கைப்பேசி, வாடிக்கையாளர் கணினி. பதிவேடு கைப்பேசியிடமே இருப்பதால், நீங்கள் கோப்புகளை நகலெடுக்கும்போதும் அது வழக்கம்போல் வேலை செய்யும்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற புதிர்களும் விடுபடும். இப்போது எடுத்த படம் கணினியில் தெரியவில்லையா? கைப்பேசி அதை இன்னும் பட்டியலில் சேர்க்காமல் இருக்கலாம். கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். கைப்பேசிக்குள் இருக்கும் கட்டுரையைக் கணினியில் திறந்து திருத்தினால் சேமிக்க முடியவில்லையா? கடைக்காரரிடம் பொருளை வாங்காமல் கவுண்டரிலேயே சமைக்க முடியாது! முதலில் கணினிக்கு நகலெடுங்கள், பிறகு திருத்துங்கள். மேக் கணினிக்கு இந்த நெறிமுறை இயல்பாகத் தெரியாது. தனிச் செயலி வேண்டும்.

நீங்கள் தேடும் படங்கள் ‘டிசிஐஎம்’ என்ற கோப்புறையில் இருக்கும். அந்தப் பெயர் டிஜிட்டல் கேமராக்களிடமிருந்து வந்தது. ‘கட்’ செய்து ஒட்டாதீர்கள். பாதியில் கேபிள் அசைந்தால் எது போனது, எது வந்தது என்று தெரியாமல் தவிப்பீர்கள். நகலெடுத்து, இரண்டு மூன்று படங்களைத் திறந்து பார்த்த பிறகு கைப்பேசியில் அழியுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் கடினமானது. கைப்பேசி கீழே விழுந்து தொடுதிரை வேலை செய்யவில்லை என்றால் பூட்டைத் திறக்க முடியாது. பூட்டு திறக்காமல் கடைக்காரர் எதையும் தரமாட்டார். ஆனால் திரையில் படம் இன்னும் தெரிகிறது என்றால் வழி உண்டு. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் யூ.எஸ்.பி. ஹப் ஒன்றைச் செருகி, அதில் சாதாரண மவுஸையும் பென் டிரைவையும் இணைக்கலாம். திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டு கடவு எண்ணை அழுத்துங்கள். இப்போது கைப்பேசியே கணினியின் இடத்தில் இருக்கிறது. படங்களை நேராகப் பென் டிரைவுக்கு நகலெடுத்துவிடலாம்.